110 குச்சிகள்: காங்கோ ரப்பரின் கணக்கு

1904-ஆம் ஆண்டின் கடைசியில், காங்கோ ஆற்றுப்படுகையின் நடுக்காட்டில் பாரிங்கா என்ற சிற்றூரில் மூன்று நீதிபதிகள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி சொல்ல வந்தவர்களில் பொலிமா என்ற ஊரின் தலைவர் லொந்துலுவும் ஒருவர். சவுக்கடி பட்டவர். பிணையாகப் பிடித்து அடைக்கப்பட்டவர். சங்கிலியில் கட்டி வேலை வாங்கப்பட்டவர். தம் முறை வந்ததும் அவர் மேசைமேல் 110 குச்சிகளை வைத்தார். அவற்றை நான்கு குவியலாகப் பிரித்தார்: ஊர்ப் பெரியவர்கள், ஆண்கள், பெண்கள், குழந்தைகள். பிறகு ஒவ்வொரு குச்சியாகத் தொட்டு, அது யார் என்று பெயர் சொன்னார். ரப்பருக்காகக் கொல்லப்பட்ட தம் ஊர் மக்கள் அவர்கள்.

அந்த ஊரில் இறப்பைப் பதிய அலுவலகம் கிடையாது. ஆனாலும் யார் யார் போனார்கள் என்று ஊர் கணக்கு வைத்திருந்தது.

ஆப்பிரிக்காவில் நடந்த கட்டாய உழைப்பைப் பற்றிய பேச்சு வந்தாலே பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் பெயரும், அவரை அம்பலப்படுத்திய ஓரிரு ஐரோப்பியர்களின் பெயர்களும் வரும். அவர்கள் செய்தது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என்றாலும் இந்தக் கதையை லொந்துலுவின் குச்சிகளிலிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் காங்கோவில் நடந்தது முழுக்க முழுக்கக் கணக்கு வைத்துச் செய்த கொடுமை. அதை வெளியே கொண்டுவந்தவர்களும் கணக்கைப் பார்க்கத் தெரிந்தவர்களே.

ஒரு துண்டுத் துணிக்கு ஒரு தேசம்

1879 முதல் 1884 வரை ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி என்ற ஆய்வுப் பயணி லியோபோல்டின் சம்பளத்தில் காங்கோ ஆற்றோரம் அலைந்தார். சாலை போட்டார், சாவடிகள் கட்டினார், ஊர்த் தலைவர்களிடம் ஒப்பந்தங்களில் குறி வாங்கினார். அவரும் அவருடைய ஆட்களும் 450-க்கு மேற்பட்ட தலைவர்களிடம் அப்படி வாங்கினார்கள். 1884 ஏப்ரலில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின்படி, தலைவர் ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு துண்டுத் துணி. அதற்கு ஈடாக அவர்கள் தங்கள் நிலத்தின் மீதான ஆளும் உரிமையைத் தலைமுறை தலைமுறைக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருந்தது: லியோபோல்டின் சார்பில் ஒப்பந்தம் போட்ட சங்கம் மேற்கொள்ளும் எந்தப் பணிக்கும் உழைப்பைத் தந்து உதவுவோம் என்பது. அந்த மொழியை வாசிக்கவே முடியாதவர்களிடம் குறி வாங்கிய தாள் அது. பின்னால் வந்த கட்டாய உழைப்புக்கு முதல் விதை அந்த ஒற்றை வரியில் கிடக்கிறது.

1884 நவம்பரில் பெர்லினில் 14 நாடுகள் கூடின. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. 1885 பிப்ரவரியில் அந்த மாநாடு கலைவதற்குள் காங்கோ லியோபோல்டின் கைக்குப் போய்விட்டது. பெல்ஜிய நாட்டுக்கோ நாடாளுமன்றத்துக்கோ அதில் உரிமை கிடையாது. பெல்ஜியத்தைப் போல 76 மடங்கு பெரிய நிலம் ஒரு தனி மனிதரின் சொத்து. பெயர் மட்டும் ‘காங்கோ சுதந்திர அரசு’. அந்த மண்ணில் அவர் ஒருநாளும் கால் வைக்கவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் ஓர் ஆணை வந்தது. ஆளில்லாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஆனால் காங்கோ மக்கள் காட்டைத் திருத்திச் சில ஆண்டு பயிர்செய்து, பிறகு அதை ஆறவிட்டு வேறிடம் போகிறவர்கள். வேட்டைக்கும் தேனுக்கும் மருந்துக்கும் சுற்றிலும் உள்ள காடு முழுவதும் அவர்களுக்கு வேண்டும். குடிசை நிற்கும் இடமும் அந்த வருடம் விதைத்த கொல்லையும் தவிர மற்றதெல்லாம், நம்மூர் வழக்கில் சொன்னால், ஒரே நாளில் புறம்போக்கு ஆகிவிட்டது. 1891-இல் இன்னொரு ஆணை, இது ரகசியமானது: தந்தமும் ரப்பரும் அரசுக்கு மட்டுமே சேர வேண்டும். தன் காட்டில் எடுத்த ரப்பரைத் தனக்குப் பிடித்த வியாபாரிக்கு விற்பது அதோடு குற்றமாயிற்று.

ரப்பருக்கு அப்படி என்ன அவசரம்? 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சைக்கிள் மோகம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பிடித்தது. தந்திக் கம்பிக்கு உறை, இயந்திரங்களுக்குக் குழாய், பட்டை என்று எல்லாவற்றுக்கும் ரப்பர் தேவைப்பட்டது. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்கள் போட்டாலும் மரம் பால் கொடுக்க வருடங்கள் ஆகும். அந்த இடைவெளிக்குள் காட்டு ரப்பரை எவ்வளவு உறிஞ்ச முடியுமோ அவ்வளவு உறிஞ்சிவிட வேண்டும் என்பதே லியோபோல்டின் கணக்கு.

கொடியும் கூடையும்

ரப்பர் என்றதும் நமக்கு நினைவு வருவது வரிசையாக நட்ட மரம், சிரட்டை, அதிகாலைப் பால்வெட்டு. காங்கோ ரப்பர் அப்படியல்ல. அது லாண்டால்ஃபியா என்னும் காட்டுக்கொடி. பெரிய மரங்களைச் சுற்றிச் சுற்றி ஏறி, வெளிச்சம் தேடி உச்சிக்குப் போய்விடும். பால் எடுப்பவர் முதலில் தாழ உள்ள கொடியைக் கீறுவார். அது வற்றியபின் மரமேறி உயரத்தில் கீற வேண்டும். விழுந்து செத்தவர்கள் உண்டு. அருகில் உள்ள கொடிகள் தீரத் தீர, இன்னும் உள்ளே, சதுப்புக்குள், சிறுத்தை நடமாடும் காட்டுக்குள் நாள்கணக்கில் போய்த் தங்க வேண்டும். வடிந்த பாலை உறையவைக்க எளிய வழி, தம் கையிலும் தொடையிலும் வயிற்றிலும் பூசிக்கொள்வது. உடல் சூட்டில் இறுகியதும் உரித்தெடுக்க வேண்டும். உரிக்கும்போது உடல் ரோமமும் சேர்ந்து பிய்ந்து வரும்.

இந்த வேலையை யாரும் விரும்பிப் போகவில்லை. அதனால்தான் பிணை பிடிக்கும் முறை வந்தது. சிப்பாய்கள் ஊருக்குள் வருவார்கள். ஆண்கள் காட்டுக்குள் ஓடினால் பெண்களைப் பிடிப்பார்கள். கொட்டடியில் அடைத்துவைத்து, தலைக்கு இவ்வளவு ரப்பர் வந்தால்தான் விடுதலை என்பார்கள். இது ஏதோ சில முரட்டு அதிகாரிகள் தாங்களாகச் செய்தது என்று பின்னால் சமாதானம் சொல்லப்பட்டது. அது பொய். அதிகாரிகளுக்கென்று அச்சிடப்பட்ட கையேட்டிலேயே பிணை பிடிப்பது எப்படி என்ற குறிப்பு இருந்தது. அடைபட்ட பெண்கள் பட்டினியில் செத்தார்கள். கொல்லையில் பயிர்செய்ய ஆளில்லாமல் வெளியே இருந்தவர்களும் பட்டினி கிடந்தார்கள்.

1903-இல் வந்த சட்டம் மாதத்துக்கு 40 மணி நேர உழைப்பை வரியாகக் கேட்டது. நடைமுறையில் பல ஊர்களில் ஆண்கள் மாதம் முழுக்கக் காட்டிலேயே கிடந்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடையைச் சுமந்து வந்து எடைபோட வேண்டும். எடை குறைந்தால் சிகோட். நீர்யானைத் தோலை உலரவைத்து முறுக்கிச் செய்த சவுக்கு அது. விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். இருபது இருபத்தைந்து அடியில் மனிதர் நினைவிழப்பார். ஸ்டானிஸ்லாஸ் லெஃப்ராங்க் என்ற பெல்ஜிய நீதித்துறை அதிகாரி, அந்தச் சவுக்கால் சிறுவர்கள் அடிக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்து எழுதினார். அடிக்கச் செய்தவர்கள் சொன்ன காரணம், வெள்ளைக்காரர் முன்னால் அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்பது.

இனி, தோட்டாக் கணக்கு. காங்கோ என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது வெட்டப்பட்ட கைகள். அது வெறிபிடித்தவர்களின் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருந்தது ஒரு கையிருப்புச் சரிபார்ப்பு. லியோபோல்டின் படையான ஃபோர்ஸ் பப்ளிக்கில் அதிகாரிகள் வெள்ளையர், சிப்பாய்கள் ஆப்பிரிக்கர். அந்தச் சிப்பாய்களில் பலரும் கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்கள். அவர்கள் கையில் துப்பாக்கி கொடுத்த அதிகாரிகளுக்கு ஒரு பயம் இருந்தது: தோட்டாவை வேட்டைக்குச் செலவழித்துவிடுவார்கள், அல்லது கலகத்துக்குச் சேர்த்துவைப்பார்கள். அதனால் செலவான ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வலது கை காட்ட வேண்டும் என்று பல முகாம்களில் வைத்தார்கள். நெடும்பயணத்தில் கைகள் அழுகாமல் இருக்கப் புகைமூட்டி வாட்டினார்கள். குரங்கையோ மானையோ சுட்டுத் தோட்டா குறைந்த சிப்பாய், உயிரோடு இருக்கும் ஒருவரின் கையை வெட்டிக் கணக்கை நேர்செய்தான்.

இப்போது வரவுப் பக்கத்தைப் பாருங்கள். அபிர் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட குத்தகைக் கம்பெனி, 1897-இல் ஒரு கிலோ ரப்பரைச் சேகரித்துக் கப்பலேற்றி பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்க 1.35 ஃப்ராங்க் செலவழித்தது. விற்ற விலை சில சமயம் 10 ஃப்ராங்க் வரை. 1890-க்கும் 1904-க்கும் இடையில் காங்கோ ரப்பர் வருமானம் 96 மடங்கு ஏறியது.

கப்பல் ஏட்டைப் படித்த குமாஸ்தா

லிவர்பூலில் எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் கம்பெனி இருந்தது. காங்கோவுக்கும் ஆண்ட்வெர்ப்புக்கும் இடையிலான சரக்குப் போக்குவரத்து அதன் கையில். அதில் வேலைபார்த்த எட்மண்ட் டெனே மோரல் என்ற இளைஞருக்குப் பிரெஞ்சு தெரியும். அதனால் அவரை அடிக்கடி ஆண்ட்வெர்ப்புக்கு அனுப்பினார்கள். 1890-களின் கடைசியில், துறைமுகத்தில் நின்று கப்பல்களையும் அலுவலகத்தில் உட்கார்ந்து ஏடுகளையும் பார்த்தவருக்கு மூன்று விஷயங்கள் உறுத்தின. காங்கோவுக்குப் போகும் கப்பல்களில் துப்பாக்கியும் தோட்டாவும் கட்டுக்கட்டாகப் போகின்றன. வந்திறங்கும் ரப்பரின் அளவு வெளியே சொல்லப்படும் கணக்கைவிட அதிகம், அந்த லாபம் யாருடைய பைக்கோ போகிறது. மூன்றாவதுதான் முக்கியம்: இவ்வளவு ரப்பரும் தந்தமும் வருகின்றனவே, ஈடாக அந்த மக்களுக்கு என்ன போகிறது? ஏறக்குறைய ஒன்றுமே போகவில்லை. துணி இல்லை, பாத்திரம் இல்லை, காசும் இல்லை.

விலை கொடுக்காமல் ஒரு பொருள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது என்றால், அதை எடுத்துத் தருகிறவர் அடிமையாகத்தான் இருக்க முடியும். காங்கோவுக்குப் போகாமல், ஒரு சாட்சியைக்கூடப் பார்க்காமல், வெறும் இறக்குமதி ஏற்றுமதிப் பட்டியலை வைத்து மோரல் இந்த முடிவுக்கு வந்தார். முதலாளியிடம் சொன்னார். அந்த முதலாளிதான் லிவர்பூலில் காங்கோ அரசின் கௌரவத் தூதரும்கூட. மோரல் 1901-இல் வேலையை விட்டார், 1903-இல் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார்.

அவருக்கு முன்னாலேயே பேசியவர்கள் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவர், உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், வரலாற்றாசிரியர். கறுப்பின அமெரிக்கர்களுக்குக் காங்கோவில் வேலை கிடைக்குமா என்று பார்க்கத்தான் 1890-இல் போனார். பார்த்ததும் மனம் கொதித்து, அதே ஆண்டு ஜூலையில் ஸ்டான்லி நீர்வீழ்ச்சிப் பகுதியிலிருந்து லியோபோல்டுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். குற்றச்சாட்டுகளை ஒன்று இரண்டு என்று எண்ணிட்டு அடுக்கிய மடல். அமெரிக்க வெளியுறவுச் செயலருக்கு எழுதிய கடிதத்தில் ‘மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள்’ என்ற சொல்லை அவர் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்துக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு! அடுத்த ஆண்டே, 41 வயதில், இங்கிலாந்தில் நோயில் இறந்துபோனார். அவர் சொன்னதை உலகம் கேட்டிருந்தால், பின்னால் வந்த ரப்பர் ஆண்டுகளின் சாவுகளில் எவ்வளவோ தடுத்திருக்கலாம்.

இன்னொரு கறுப்பின அமெரிக்கர், காங்கோவின் கசாய் பகுதியில் இருந்த மிஷனரி வில்லியம் ஷெப்பர்ட். குபா மக்களின் மொழியைப் பேசியவர். 1899-இல் ஒரு கொள்ளைப்படையின் முகாமுக்குள் துணிந்து போனார். தீயின் மேல் தட்டி கட்டி எதையோ வாட்டிக்கொண்டிருந்தார்கள். வலது கைகள். அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். 81. அந்த எண்ணிக்கை அச்சில் வந்தபோதுதான் பலருக்கு உறைத்தது. சில ஆண்டு கழித்து அவர் எழுதிய கட்டுரைக்காகக் கசாய் ரப்பர் கம்பெனி அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909-இல் லியோபோல்ட்வில்லில் (இன்றைய கின்ஷாசா) விசாரணை. அவருக்காக வாதாடப் பெல்ஜிய சோஷலிஸ்ட் தலைவர் எமில் வாண்டர்வெல்ட் கூலி வாங்காமல் கப்பலேறி வந்தார். ஷெப்பர்ட் விடுவிக்கப்பட்டார்.

கடிதங்கள், படங்கள், ஒரு இலைப் பொட்டலம்

1903 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காங்கோ பற்றி ஒரு தீர்மானம் போட்டது. விசாரித்து அறிக்கை தரும்படி அங்கிருந்த தூதர் ரோஜர் கேஸ்மென்டுக்கு உத்தரவு போயிற்று. அயர்லாந்துக்காரரான அவர் காங்கோவில் நீண்ட அனுபவம் உள்ளவர். அரசுப் படகில் போனால் அரசு காட்டுவதைத்தான் பார்க்க முடியும் என்று தெரிந்து, அமெரிக்க மிஷனரிகளிடம் ஒரு நீராவிப் படகை வாடகைக்கு எடுத்தார். மேல் காங்கோவில் ஊர் ஊராக இறங்கினார். முன்பு 40,000 பேர் வாழ்ந்த பொலோபோவில் இப்போது ஏழெட்டாயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள் என்று குறித்தார். சாட்சிகள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

அவருடைய அறிக்கை 1904 பிப்ரவரியில் வெளியானது. ஆனால் லண்டன் அதிகாரிகள் அதில் கைவைத்திருந்தார்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் நீக்கப்பட்டு வெறும் எழுத்துகள் நின்றன. கை இழந்தவர், வெட்டியவர், ஊர் மூன்றுமே அடையாளமில்லாமல் போயின. கேஸ்மென்ட் கொதித்துப் போனார். எனக்கு அந்தக் கோபம் நன்றாகப் புரிகிறது. பெயரில்லாத சாட்சியை மறுப்பது எளிது. எபோண்டோ என்ற பையனின் விஷயத்தில் அதைவிட மோசமாக நடந்தது. காவலாள் என் கையை வெட்டினான் என்று அவன் கேஸ்மென்டிடம் சொல்லியிருந்தான். பின்னர், காட்டுப்பன்றி கடித்தது என்று அவன் மாற்றிச் சொன்னதாக அரசு எழுதி வாங்கிக்கொண்டது. அதை வைத்தே மொத்த அறிக்கையும் கட்டுக்கதை என்று ஐரோப்பா முழுக்கப் பிரசாரம் செய்தது.

லண்டனில் கேஸ்மென்டும் மோரலும் சந்தித்துப் பேசியதன் பலனாக 1904 மார்ச்சில் காங்கோ சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்துக்குக் கிடைத்த மிகப்பெரிய ஆயுதம் ஒரு புகைப்படம்.

1904 மே 14. பாரிங்கா மிஷன் வீட்டுக்கு நசாலா என்ற மனிதர் வந்தார். வாலா என்ற ஊர்க்காரர். கையில் இலையால் சுற்றிய சிறு பொட்டலம். ரப்பர் குறைந்ததற்காக அபிர் கம்பெனியின் காவலாட்கள் அவருடைய ஊரைத் தாக்கியிருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே இருந்தவை ஒரு சின்னக் கையும் ஒரு சின்னப் பாதமும். அவருடைய ஐந்து வயது மகள் போவாலியிடம் மிச்சம் அவ்வளவுதான். அங்கே இருந்த ஆங்கிலேய மிஷனரி ஆலிஸ் சீலி ஹாரிஸிடம் ஒரு கேமரா இருந்தது. அவர் எடுத்த படத்தில் நசாலா திண்ணை ஓரத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்து, தரையில் வைத்திருப்பவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அழவில்லை. கேமராவைப் பார்க்கவும் இல்லை. பின்னால் தூரத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவருடைய முழங்கையிலிருந்து கண்ணை எடுத்து அந்தத் தரைக்குக் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் நேரமாகிறது.

ஆலிஸும் அவருடைய கணவர் ஜான் ஹாரிஸும் இந்தப் படங்களைக் கண்ணாடித் தகடுகளாக்கி, மாய விளக்கு என்ற அந்தக் காலப் படக்கருவியில் திரையிட்டு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கான கூட்டங்களில் காட்டினார்கள். அறிக்கைக்கு மறுப்பு எழுதலாம். நசாலாவுக்கு என்ன மறுப்பு எழுதுவது? மார்க் ட்வெயின், ஆர்தர் கோனன் டாயில், புக்கர் டி. வாஷிங்டன் போன்றவர்கள் இயக்கத்தோடு சேர்ந்துகொண்டார்கள்.

அதிகம் பேசப்படாத ஒருவர் ஹெசக்கயா ஆண்ட்ரூ ஷானு. லாகோஸில் பிறந்தவர். காங்கோ அரசிலேயே வேலைபார்த்துவிட்டுப் பின்னர் தலைநகர் போமாவில் கடை, தையலகம், விடுதி என்று வளர்ந்தவர், புகைப்படக்காரரும்கூட. வெள்ளையர் விருந்துகளுக்கு அழைக்கப்படும் அளவுக்கு மதிப்போடு இருந்தார். 1903 முதல் அவர் ரகசியமாக மோரலுக்குத் தகவல்களும் நீதிமன்ற ஆவணங்களும் அனுப்பினார். அட்டூழியங்கள் மேலிடத்துக்குத் தெரிந்தே நடந்தன என்பதைக் காட்டிய ஆவணங்கள் அவை. கடைசியில் மாட்டிக்கொண்டார். அரசு ஊழியர் யாரும் அவருடைய கடையில் எதுவும் வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. வியாபாரம் படுத்தது. 1905 ஜூலையில் தற்கொலை செய்துகொண்டார். மோரலும் கேஸ்மென்டும் போராடித் தோற்றிருந்தாலும் ஐரோப்பாவில் அவர்களுக்கு வீடு இருந்தது. ஷானு அந்த அரசின் வாசலிலேயே குடியிருந்துகொண்டு அதற்கு எதிராகச் சாட்சியம் சேர்த்தார்.

விசாரணைக் குழு

நெருக்கடி தாங்காமல் லியோபோல்டே 1904 ஜூலையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். பெல்ஜியம், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று நாட்டுக்கு ஒரு நீதிபதி. மூன்று பேரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவர்கள் மாதக்கணக்கில் ஆற்றோரம் போய் சுமார் 370 பேரின் சாட்சியத்தைப் பதிந்தார்கள். லொந்துலு குச்சிகளை அடுக்கியது இவர்கள் முன்னால்தான். குழு கண்டதைக் கேட்ட பொறுப்பு கவர்னர் ஜெனரல் பால் கோஸ்டர்மன்ஸ் 1905 மார்ச்சில் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்தார். அறிக்கை அந்த நவம்பரில் வெளியாகி, கேஸ்மென்ட் சொன்னவற்றில் பெரும்பாலானதை உறுதிப்படுத்தியது.

ஆனால் அறிக்கைதான் வெளியானது. சாட்சியங்கள் வெளியாகவில்லை. கை இழந்த பெண் சொன்னது, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் சொன்னது எல்லாம் நீதிபதிகளின் பொதுநடையில் கரைந்துபோக, மூலத் தாள்கள் பிரஸ்ஸல்ஸ் ஆவணக் காப்பகத்துக்குள் போய்ப் பூட்டப்பட்டன.

1908 நவம்பர் 15-இல் காங்கோ பெல்ஜிய நாட்டுக்குக் கைமாறியது. அந்த அரசின் 11 கோடி ஃப்ராங்க் கடனை நாடு ஏற்றுக்கொண்டது. அதற்கு மேல், காங்கோவுக்காக அவர் செய்த தியாகங்களுக்கு நன்றியாக என்று சொல்லி லியோபோல்டுக்கு 5 கோடி ஃப்ராங்க். அந்தப் பணமும் காங்கோவிலிருந்துதான் எடுக்கப்பட இருந்தது. கைமாறுவதற்கு முன், ஆகஸ்ட் மாதம், பிரஸ்ஸல்ஸில் எட்டு நாள் அடுப்புகள் அணையவில்லை. காங்கோ அரசின் காகிதங்களை எரித்தார்கள். காங்கோவை அவர்களுக்குத் தருவேன், அங்கே நான் செய்ததை அறிய அவர்களுக்கு உரிமை இல்லை என்று தன் உதவியாளரிடம் லியோபோல்ட் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இறந்தார்.

எத்தனை பேர் செத்தார்கள்? முன்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்காத தேசத்தில் இதற்குத் துல்லியமான விடை கிடையாது. 1919-இல் ஒரு பெல்ஜிய அரசுக் குழு, ஆக்கிரமிப்புத் தொடங்கியதிலிருந்து மக்கள்தொகை பாதியாகக் குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டது. 1924 கணக்கெடுப்பில் சுமார் ஒரு கோடிப் பேர். இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரு கோடி குறைந்தது என்கிறார்கள் சிலர். அது மிகை, சில லட்சங்களிலிருந்து சில பத்து லட்சங்கள் வரை இருக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். சுட்டுக் கொன்றது அதில் ஒரு பகுதி. பட்டினி, ஊர் விட்டு ஓடிக் காட்டில் கிடந்தது, தூக்க நோய், அம்மை, பிறக்காமலே போன குழந்தைகள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. காங்கோவின் மோங்கோ மக்களிடம் ‘ரப்பர் என்றால் சாவு’ என்று பொருள்படும் சொல்வழக்கு உண்டு. அவர்கள் மருத்துவக் காரணங்களைப் பிரித்துப் பார்க்கவில்லை.

முடிந்துவிட்டதா?

காட்டு ரப்பர் வெறி அடங்கியது. சீர்திருத்த இயக்கத்துக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் வேறொரு காரணத்தைத் தமிழர்கள் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கையிலும் மலாயாவிலும் நட்ட ரப்பர் அதற்குள் பால் கொடுக்கத் தொடங்கியிருந்தது. முதல் உலகப்போர் வருவதற்குள் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சியது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி, கங்காணிகள் கடனில் கட்டிக் கூட்டிப்போன தமிழ்க் குடும்பங்கள். கடலின் ஒரு பக்கம் கொடி அறுபட்டபோது மறுபக்கம் மரம் கீறப்பட்டது. இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன், லயத்து வாழ்க்கை பிணைக் கொட்டடி அல்ல. ஆனால் டயர் ஓடிய சாலை இரண்டு பேரின் உடம்பின் மேலும் ஓடியது.

காங்கோவில் கட்டாய உழைப்பு 1908-இல் நிற்கவில்லை. வரியைப் பணமாகக் கட்டு என்று சட்டம் மாறியது. பணம் வேண்டுமானால் சுரங்கத்துக்கோ தோட்டத்துக்கோ போயாக வேண்டும். 1911-இல் சோப்பு வியாபாரி வில்லியம் லீவருக்கு எண்ணெய்ப் பனைக்காக 7,50,000 ஹெக்டேர் வரை சலுகை தரப்பட்டது. 1917 முதல் பருத்தி பயிரிடுவது கட்டாயம். பனைக்காய் விலை விழுந்தும் வரி குறையாத நிலையில் 1931-இல் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டு அதை அடக்கினார்கள். சிகோட் சவுக்கு 1950-களின் கடைசி வரை இருந்தது.

ஆற்றின் மறுகரையில் பிரெஞ்சு காங்கோ. அங்கும் குத்தகைக் கம்பெனி, அங்கும் பிணைப் பெண்கள். 1905-இல் விசாரிக்கப் போன பியர் டி பிரசா, அந்தக் காலனியைப் பிரான்சுக்குப் பெற்றுத் தந்தவரே, பார்த்ததில் நொறுங்கிப் போனார். திரும்பும் வழியில் டாக்காரில் இறந்தார். அவருடைய குழுவின் அறிக்கையைப் பிரெஞ்சு அரசு வெளியிடவில்லை. நூறாண்டுக்கு மேல் கழித்து, 2014-இல்தான் அது புத்தகமாக வந்தது. 1921 முதல் 1934 வரை அங்கே போடப்பட்ட காங்கோ – ஓஷன் ரயில் பாதையில் ஆயிரமாயிரம் கட்டாயத் தொழிலாளர்கள் செத்தார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு எதிரான உடன்படிக்கையை 1930-இல் கொண்டுவந்தது. பிரெஞ்சுக் காலனிகளில் சட்டப்படி அது ஒழிந்தது 1946-இல். போர்த்துகீசியக் காலனிகளில் 1960-கள் வரை இழுத்தது. லியோபோல்ட் என்ற ஒரு கெட்ட மனிதரின் மேல் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது மற்ற அரசுகளுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது இந்த ஆண்டுகளைப் பார்த்தால் தெரியும்.

அம்பலப்படுத்தியவர்களும் தெய்வங்கள் அல்லர். மோரல் பிரிட்டிஷ் காலனிகளைப் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. 1920-இல் ஜெர்மனியின் ரைன் பகுதியில் பிரான்ஸ் நிறுத்திய கறுப்பினச் சிப்பாய்களைப் பற்றி அவர் எழுதியது அப்பட்டமான இனவெறி. காங்கோ மக்களுக்காக அவ்வளவு எழுதிய கைதான் அதையும் எழுதியது என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. கேஸ்மென்ட் அடுத்து அமேசானில் புட்டுமாயோ பகுதிக்குப் போய், லண்டனில் பதிவான ஒரு ரப்பர் கம்பெனி அங்குள்ள பூர்வகுடிகளைக் கொன்றதை வெளிக்கொண்டு வந்தார். 1911-இல் சர் பட்டம் கொடுத்தார்கள். அயர்லாந்து விடுதலைக்காக ஜெர்மனியின் உதவி தேடியதற்காக 1916 ஆகஸ்ட் 3-இல் அதே அரசு அவரைத் தூக்கிலிட்டது.

1970-களில் மேற்கு ஆப்பிரிக்காவில் பெல்ஜியத் தூதராக இருந்தவர் ஜூல் மார்ஷல். அதற்கு முன் காங்கோவில் காலனி அதிகாரியாகவே பல ஆண்டு பணியாற்றியவர். ஒருநாள் ஒரு லைபீரியப் பத்திரிகையில், லியோபோல்டின் ஆட்சியில் ஒரு கோடிப் பேர் செத்தார்கள் என்று ஒரு வரி வந்திருந்தது. என் நாட்டின் மேல் இப்படி ஓர் அவதூறா என்று கோபப்பட்டு, மறுப்பு எழுதத் தகவல் கேட்டு பிரஸ்ஸல்ஸுக்கு எழுதினார். உருப்படியான பதில் வரவில்லை. நேரில் போய் வெளியுறவு அமைச்சகக் காப்பகத்தில் கேட்டார். பெல்ஜியத்தின் பெயரைக் கெடுக்கக்கூடிய கோப்புகளைக் காட்டுவதில்லை என்றார்கள். தூதருக்கே காட்டவில்லை. மறுப்பு எழுதக் கிளம்பிய அந்த மனிதர் மிச்ச ஆயுளை அந்தக் கோப்புகளைத் தேடிப் படிப்பதிலேயே கழித்தார். காங்கோவின் கட்டாய உழைப்பைப் பற்றி ஆவணங்களோடு தொகுதி தொகுதியாக எழுதினார்.

விசாரணைக் குழுவின் முன் வந்து நின்றவர்களின் சாட்சியங்களை ஆய்வாளர்கள் தடையில்லாமல் படிக்கப் பிரஸ்ஸல்ஸ் அனுமதித்தது 1980-களில். அதற்குள் 75 ஆண்டுகள் கடந்திருந்தன. சொன்னவர்களில் யாரும் உயிரோடு இல்லை. லொந்துலுவின் குச்சிகளைப் பற்றி அதற்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்திருந்தது என்றால், அன்று பாரிங்காவில் அந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஹாரிஸ் தம்பதி அதை உடனே எழுதி வெளியே அனுப்பியதால்தான்.